‘தேவையான தரவுகளை அனுமானித்துக்கொள்க’

கேள்வி இது. பொறியியல் கல்லூரி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு மனித விழுமியங்கள் பாடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி எழுந்து, “ஷாஃப்டின் விட்டத்தைக் கணக்கிடுவதற்கும் விழுமியத்துக்கும் என்ன தொடர்பு, சார்?” என்று கேட்டிருக்கிறார். (ஷாஃப்ட் என்பது இயந்திரத்தில் சுழன்று ஆற்றலைக் கடத்தும் தண்டு.) வகுப்பே அந்த மாணவியின் பக்கம் நின்றிருக்கிறது. மாணவர்கள் உண்மையிலேயே அப்படி நினைக்கிறார்களா, பாடத்தைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார்களா, எங்கிருந்து தொடங்கலாம் என்று அவர் கேட்கிறார்.

உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த மாணவி கேட்டது நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான பதில் தர வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. இயந்திரவியல் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடிவமைப்புப் பாடம் நடத்தி வருகிறேன். இதே கேள்வியை ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பதில் பல முறை மாறியிருக்கிறது. இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிவதைச் சொல்கிறேன்.

விழுமியம் முக்கியமில்லை என்று சொல்லும் மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்கு அவர்கள் கொடுக்கும் இடம்தான் வேறு. பெரும்பாலானவர்களுக்கு விழுமியம் என்றால் தனிமனித ஒழுக்கம். காப்பியடிக்கக் கூடாது, லஞ்சம் வாங்கக் கூடாது, சிமெண்டில் கலப்படம் செய்யக் கூடாது. நல்லவர் செய்தால் நல்ல பொருள் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்னும் கொஞ்சம் யோசிப்பவர்கள், வடிவமைப்பு முடிந்த பிறகு பார்க்கிற சரிபார்ப்பாக அதை நினைக்கிறார்கள்: சட்டம் அனுமதிக்கிறதா, புகை அளவுக்குள் இருக்கிறதா, விபத்து வருமா. தாங்கள் எழுதும் எண்ணுக்குள்ளேயே ஒரு மதிப்பீடு உட்கார்ந்திருக்கிறது என்று உணர்பவர்கள் ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம்.

இதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் நீதிபோதனை என்று ஒரு பாடவேளை அட்டவணையில் இருந்தது. பல பள்ளிகளில் அது கணக்குப் பாடத்துக்கே போனது. கல்லூரிக்கு வந்தால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தின்படி முதல் மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி, அதில் மனித விழுமியங்கள். பிறகு, பல கல்லூரிகளில், வடிவமைப்புப் பாடங்கள் பெரும்பாலும் முடிந்த பின், கடைசி ஆண்டில் மறுபடியும் விழுமியம். நடுவில், உண்மையிலேயே எதையாவது கணக்கிட்டு வரையும் இரண்டரை ஆண்டுகளில், அந்தச் சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. கடைசி ஆண்டுப் பாடத்தில் போபால் விஷவாயுக் கசிவும், வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலமும் வரும். அவை கட்டாயம் தெரிய வேண்டியவைதான். ஆனால் அவற்றை மட்டும் படிக்கும் மாணவர், அறம் என்பது ஆயிரக்கணக்கானோர் சாகும்போது, யாரோ ஒரு மேலதிகாரி எச்சரிக்கையைக் கேட்காதபோது எழும் விஷயம் என்று முடிவு செய்துகொள்கிறார். தன் மேசையில் இருக்கும் ஷாஃப்டுக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக அவருக்கு ஏன் தோன்ற வேண்டும்?

நம் தேர்வுத் தாளின் ஒரு வரியை நினைத்துப் பாருங்கள். ‘தேவையான தரவுகளை உகந்தவாறு அனுமானித்துக்கொள்க.’ டிசைன் தேர்வு எழுதிய எவருக்கும் இந்த வரி மனப்பாடம். வடிவமைப்புக்கான அட்டவணைக் கையேடான பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கைத் திறந்து, அட்டவணையில் விரலை ஓட்டி, பாதுகாப்புக் காரணி (வரவிருக்கும் சுமையைப் போல் எத்தனை மடங்கு தாங்கும்படி செய்கிறோம் என்பது) 3 என்றோ 4 என்றோ எடுத்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். ஏன் 4 என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஷாஃப்டின் விட்டத்தைத் தரும் முறுக்குச் சமன்பாட்டில் அறம் எதுவும் இல்லை என்று அந்த மாணவி நினைப்பது சரிதான். இயற்பியலுக்கு யார் மீதும் பாசம் கிடையாது. ஆனால் சமன்பாட்டுக்கு மேலே, அனுமானங்கள் எழுதும் அந்த இரண்டு அங்குல இடத்தில், யார் இதைப் பயன்படுத்துவார், எவ்வளவு நாள், எவ்வளவு கவனமாக, உடைந்தால் யார் மேல் விழும் என்று எல்லாமே தீர்மானமாகிவிடுகிறது.

விமானச் சட்டகத்துக்குப் பாதுகாப்புக் காரணி 1.5. லிஃப்ட் கயிற்றுக்கு 12 வரை போகிறது. இரண்டிலும் மனிதர்கள்தான் ஏறுகிறார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எடை கூடினால் விமானம் பறக்காது என்று முதலில் சொல்வார்கள். அது பாதிப் பதில். விமானத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு யாரோ பார்க்கிறார்கள்; உதிரிபாகம் ஒவ்வொன்றுக்கும் வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் கயிறு தேய்ந்துகொண்டே இருக்கும். பராமரிப்பவர் வந்தால் உண்டு. அதில் ஏறும் குழந்தைக்குக் கயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மனிதர்கள் கவனக்குறைவாக இருப்பார்கள், அந்தக் கவனக்குறைவின் விலையைக் குழந்தை கொடுக்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பு 12 என்ற எண்ணாக அட்டவணையில் இருக்கிறது.

அடுத்து நான் எடுப்பது சென்னைப் பேருந்தின் தரை உயரம். இதில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் மாணவர்களின் பார்வை கண்ணெதிரே மாறுவதை இந்த உதாரணத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மத்திய அரசின் நகரப் பேருந்து விவரக்குறிப்பில் தரை உயரம் 400, 650, 900 மி.மீ. என்று மூன்று வகை உண்டு. நம் பேருந்துகளில் நெடுங்காலம் ஓடியது உயரமான வகை. அந்த உயரம் எங்கிருந்து வந்தது? நம் ஊர்ப் பேருந்து லாரியின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்தது. முன்னால் என்ஜின், நீளவாக்கில் இரண்டு கனத்த சட்டங்கள், பட்டைவில், நேரான அச்சு. இவை எல்லாவற்றுக்கும் மேலேதான் தரை போட முடியும். ஆகவே செங்குத்தான படிகள். தாழ்தளம் வேண்டுமானால் என்ஜின் பின்னால் போக வேண்டும், அச்சு நடுவில் தாழ்ந்து இறங்க வேண்டும், ஏர் சஸ்பென்ஷன் வேண்டும். அதாவது, அச்சைத் தேர்ந்தெடுத்த அன்றே சக்கர நாற்காலியில் வருபவர் வண்டிக்கு வெளியே நிறுத்தப்பட்டுவிட்டார். பிறகு கூடு கட்டும் பொறியாளர் எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இதில் கெட்டவர் என்று யாருமே இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சரக்கு ஏற்றும் வண்டிக்கு எடுத்த நியாயமான முடிவு ஒன்று, மனிதர் ஏறும் வண்டிக்குள் கேள்வியின்றி வந்து உட்கார்ந்துகொண்டது.

மாற்றுத்திறனாளிகள் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் போராடினார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. மழைநீர் தேங்கும் சாலைகள், வேகத்தடைகள், குறுகிய தெருக்கள், கூடுதல் விலை என்று எதிர்த்தரப்பிலும் காரணங்கள் இருந்தன. 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. எதிர்த்தரப்பின் காரணங்களை நான் வகுப்பில் மறைப்பதில்லை. அவை உண்மையான பொறியியல் சிக்கல்கள். ஆனால் சாலை மேடு பள்ளமாக இருக்கிறது என்பதற்கான விலையை வண்டி கொடுக்க வேண்டுமா, சாலை கொடுக்க வேண்டுமா, முழங்கால் தேய்ந்த மூதாட்டி கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு எந்தச் சமன்பாடும் பதில் சொல்லாது.

வகுப்பறைச் சுவரில் 900 மி.மீ. உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். “ஏறிவிடலாம் சார்” என்று பையன்கள் சொல்வார்கள். வீட்டில் வயதானவர்களிடம் கடைசியாக எப்போது பஸ்ஸில் போனீர்கள் என்று கேட்டுவரச் சொல்வேன். ஒரு மாணவர் மறுநாள் வந்து சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அவருடைய பாட்டி பல ஆண்டுகளாக ஆட்டோவில்தான் போகிறாராம். முழங்கால் வலி என்று குடும்பத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். “வலி இருக்கிறது சார், ஆனால் அவர் பஸ்ஸை விட்டதற்குக் காரணம் அந்த முதல் படி” என்றார். அதுவரை அந்த உயரம் அவர்கள் வீட்டில் பாட்டியின் குறையாக இருந்தது. அன்றைக்குத்தான் அது ஒரு வண்டியின் அளவாக மாறியது.

ஜெய்ப்பூர் கால் பற்றியும் சொல்ல வேண்டும். அதை மாணவர்கள் பெரும்பாலும் ‘மலிவு விலைச் செயற்கைக்கால்’ என்றே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது அதன் கதையில் சின்னப் பகுதி. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் அதை உருவாக்கினார்கள். அப்போது கிடைத்த மேற்கத்தியச் செயற்கைப் பாதத்துக்குள் மரத்தாலான கட்டை இருந்தது; மேலே ஷூ போட்டுக்கொண்டு சமதளத்தில் நடக்க நன்றாகவே உதவியது. அதைக் கணக்கிட்டவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. ஆனால் அதை மாட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார முடியாது, சம்மணமிட்டுச் சாப்பிட முடியாது, செருப்பில்லாமல் கோவிலுக்குள் போக முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. நடப்பது என்றால் என்ன என்பதற்கு அந்த வடிவமைப்பிலேயே ஒரு விடை எழுதப்பட்டிருந்தது; அது நாற்காலியில் உட்காருபவர்களின் விடை. சேத்தியும் சர்மாவும் நுண்துளை ரப்பரும் மரமும் வைத்து, மேலே டயர் ரப்பரால் போர்த்திச் சூடேற்றி இறுக்கி, எல்லாப் பக்கமும் வளையும், ஷூ தேவையில்லாத, விரல்களோடு தோலின் நிறத்தில் இருக்கும் பாதத்தைச் செய்தார்கள். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மா அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். கைவினைஞரின் பெயரையும் சேர்த்தே நான் சொல்வேன். யாருடைய அறிவை அறிவு என்று எண்ணுகிறோம் என்பதும் வடிவமைப்பு மேசையில் நாம் எடுக்கும் மதிப்பீடு.

இதெல்லாம் ஏழை நாட்டுப் பிரச்சினை என்று யாராவது நினைத்தால், கார் மோதல் சோதனையில் மனிதருக்குப் பதிலாக உட்காரவைக்கும் பொம்மையைக் காட்டுங்கள். ஹைப்ரிட் 3 என்ற பொம்மை 1976இல் வந்தது. சுமார் 175 செ.மீ. உயரம், 78 கிலோ எடை, சராசரி அமெரிக்க ஆண். பெண்ணுக்கென்று நெடுங்காலம் பயன்படுத்தியது அதன் சிறுவடிவத்தை. சீட் பெல்ட் அணிந்திருந்தும், நேர்மோதலில் பெண்களுக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2019இல் காட்டியது. சராசரிப் பெண்ணின் உடலமைப்பிலேயே செய்த பொம்மையை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2022இல்தான் முன்வைத்தார்கள். நடுவில் 46 ஆண்டுகள்.

மாணவர்களின் மனநிலைக்குத் திரும்புகிறேன். எரின் செக் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் நான்கு கல்லூரிகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பொறியியல் மாணவர்களைச் சேர்ந்த நாள் முதல் பட்டம் பெற்று வேலைக்குப் போன பின்பு வரை தொடர்ந்து கவனித்து 2014இல் ஒரு கட்டுரை எழுதினார். தொழில்சார் அறப்பொறுப்பு, தொழில்நுட்பத்தின் விளைவுகளைப் புரிந்துகொள்வது, மக்கள் இயந்திரங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிவது, சமூக அக்கறை ஆகியவை தங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று மாணவர்களே சொன்னதை அவர் பதிவு செய்தார். படிப்பு நகர நகர அந்த அக்கறை குறைந்தது. முதன்முதலில் படித்தபோது அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அக்கறை இல்லாதவர்கள் பொறியியலுக்கு வருகிறார்கள் என்றால் அது வேறு கதை. அக்கறையோடு வருகிறவர்களிடமிருந்து நாம் அதைக் கழற்றி வாங்கிக்கொள்கிறோம் என்றல்லவா அந்த ஆய்வு சொல்கிறது?

அவர் காட்டும் காரணங்கள் நம் வகுப்பறையிலும் இருக்கின்றன. சமூகம், அரசியல் என்று பேசினால் பொறியியலின் தூய்மை கெட்டுவிடும் என்ற எண்ணம். ‘தொழில்நுட்பம்’ என்றும் ‘மற்றவை’ என்றும் கூறுபோட்டு, முதலாவதற்கே மதிப்புக் கொடுக்கும் பழக்கம். முன்னேறியவர் எல்லாம் திறமையால் முன்னேறினார் என்ற நம்பிக்கை. நம் பங்குக்கு இன்னொன்றும் சேர்த்திருக்கிறோம். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. அதையொட்டி, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அங்கீகார வாரியம் நெடுங்காலம் கேட்டுவந்த பன்னிரண்டு கற்றல் விளைவுகளில் (பட்டம் பெறும்போது மாணவருக்கு இருக்க வேண்டிய திறன்களில்) மூன்றாவது வடிவமைப்பைப் பற்றியது. பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, பண்பாடு, சமூகம், சுற்றுச்சூழல் எல்லாம் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. ஆவணம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நாம்தான் எந்தப் பாடம் எந்த விளைவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று பாடக்கோப்பில் கட்டம் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களால் நிரப்பிவிட்டு, ‘சமூகம்’ என்ற பங்கை உங்களைப் போன்ற ஒருவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறோம்.

உங்கள் மாணவர்கள் இரண்டு எதிர்வாதங்கள் சொல்வார்கள். தயவுசெய்து இரண்டையும் மதித்துக் கேளுங்கள்.

ஒன்று: “நிறுவனத்தில் விவரக்குறிப்பு மேலிருந்து வரும், மாற்ற நாங்கள் யார்?” இது உண்மை. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து, கல்விக்கடன் கட்டிக்கொண்டிருப்பவரிடம் உலகத்தைத் திருத்தச் சொல்வது அநியாயம். ஆனால் தன் அனுமானத்தை எழுத்தில் வெளிப்படையாக வைப்பதற்குப் பதவி தேவையில்லை. ‘பயனர் உயரம் 165 செ.மீ. என்று கொண்டேன்; அதற்குக் குறைவானவர்களுக்கு இது எட்டாது’ என்ற ஒரு வரியைக் கணக்குத்தாளில் எழுதிவைத்தால், பின்னால் கையெழுத்துப் போடுபவர் தெரிந்தே போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது: “யாருடைய விழுமியம்?” இதைக் கேட்கும் மாணவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், வகுப்பிலேயே அதிகம் யோசித்திருப்பவர் அவர்தான். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. என் விழுமியத்தை அவர் வரைபடத்தில் திணிக்கவும் மாட்டேன். பொருளோடு வாழப்போகிறவரிடம் போய்க் கேட்டுவிட்டு வா என்று மட்டும் சொல்வேன். கூடவே ஒன்றும் சொல்வேன்: கணக்கில் அவர்களுக்கு இருக்கும் பிடிவாதமே ஒரு விழுமியம். இரக்கத்தோடு தப்பாகக் கணக்கிட்ட ஷாஃப்டும் உடையும். விழுமியப் பாடம் நடத்துகிறவர்கள் கணக்கை ஏளனம் செய்தால் மாணவர்களை அன்றோடு இழந்துவிடுவார்கள்.

கேட்டுவிட்டு வருவது எவ்வளவு கடினம் என்பதை ஓர் இறுதியாண்டுக் குழுவிடம் கற்றுக்கொண்டேன். நான்கு பேர், நெல்வயலுக்கு மோட்டார் வைத்த களையெடுப்பான் செய்தார்கள். கையால் தள்ளும் களைக்கருவியான கோனோ வீடரைத் தள்ளிக் கை ஓய்ந்துபோகிறவர்களுக்கு உதவ வேண்டும் என்பது அவர்கள் எண்ணம், நல்ல எண்ணம். கைப்பிடி உயரத்தை ஒரு நூலில் இருந்த ஆண்களின் அளவிலிருந்து எடுத்திருந்தார்கள். டெல்டாவில் நடவும் களையும் பெண்கள் கைவேலை என்பது அந்த நால்வரில் மூவருக்குத் தெரியும். அவர்கள் அம்மாக்கள் களையெடுத்தவர்கள். தெரிந்தும் அட்டவணையில் அந்த எண்ணையே எடுத்தார்கள், ஏனென்றால் வீட்டில் தெரிந்தது ‘தரவு’ என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

வயலுக்குக் கொண்டுபோனோம். கைப்பிடி உயரம் அதிகம் என்று ஒரு அம்மா உடனே சொல்லிவிட்டார். இன்னொருவர் இயந்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, “வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்கு இதை யார் தூக்கிப்போவது?” என்று கேட்டார். வரப்பு எங்கள் கணக்கிலேயே இல்லை. மூன்றாமவர் எதுவும் தொடவில்லை. “நாலு பேர் வேலையை ஒருத்தர் முடித்துவிட்டால், மற்ற மூன்று பேருக்கு அன்றைக்குக் கூலி யார் கொடுப்பார்கள்?” என்றார். திரும்பும் வழியெல்லாம் வேனில் ஒருவரும் பேசவில்லை.

கைப்பிடியில் துளைகள் போட்டு உயரத்தை மாற்றும்படி செய்தார்கள். இயந்திரத்தை இரண்டாகக் கழற்றித் தூக்கும்படி பிரித்தார்கள். அதற்காக எடை கொஞ்சம் கூடியது, அது அவர்களுக்கு வருத்தம். மூன்றாவது கேள்விக்கு இயந்திரத்தில் எந்தத் திருத்தமும் செய்ய முடியவில்லை. கூட்டாக வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்கள் குழுவுக்கு ஏற்ற விலையில் செய்யலாமா என்று ஒரு மாதம் கணக்குப் போட்டார்கள், முழுதாக முடியவில்லை. அறிக்கையில், அனுமானங்கள் என்ற தலைப்பின் கீழ், ‘இக்கருவி களையெடுக்கும் கூலிநாட்களைக் குறைக்கும். யாருடைய கூலி என்பதை இவ்வடிவமைப்பு தீர்க்கவில்லை’ என்று எழுதினார்கள். அதை எடுத்துவிடுங்கள், மதிப்பெண் குறையும் என்று அவர்களுக்குச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் எடுக்கவில்லை.

அடுத்த வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். அந்த மாணவியின் ஷாஃப்ட் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். எத்தனை கிலோவாட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எவ்வளவு தகைவு தாங்கும் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஷாஃப்ட் எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்பது மட்டும் இருக்காது. நம் கேள்வித்தாளில் அது எந்த இயந்திரத்துக்கும் சொந்தமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்: தெருமுனை மாவு மில்லிலா, மருத்துவமனை லிஃப்டிலா, கரும்பு பிழியும் தள்ளுவண்டியிலா. பக்கத்தில் யார் நிற்கிறார், அவர் புடவை முந்தானை எங்கே தொங்குகிறது, மாதம் எத்தனை முறை யார் எண்ணெய் விடுவார் என்று கேளுங்கள். பிறகு விட்டத்தை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள்.